ஸ்கேன் சீட்டில் கேள்வி இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

முதுமை மறதியைப் பற்றித் தங்கள் நாளிதழ் விடாமல் எழுதிவருவது நல்ல காரியம். ஆனால் அண்மைக் கட்டுரை ஒன்றில், பெற்றோருக்கு டிமென்ஷியா இருந்தவர்கள் 60 வயதைத் தாண்டியதும் ஆண்டுக்கு ஒருமுறை மூளை ஸ்கேன் எடுத்துக்கொள்வது நல்லது என்ற பொருளில் ஒரு வரி வந்திருந்தது. அந்த வரியை ஏற்க முடியவில்லை. அதை நம்பிப் போகிறவர்களில் பலர் தெளிவு தேடிப் போய்க் கவலையோடு திரும்புவார்கள். உண்மையிலேயே ஸ்கேன் தேவைப்படுகிறவர்களோ, தவறான ஸ்கேனை எடுத்துக்கொண்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிடுவார்கள். இரண்டாவதுதான் பெரிய தீங்கு.

ஆபத்து அதிகம் உள்ளவர்கள் என்று பொதுவாகச் சொல்லும்போது அதில் இரண்டு வகையினர் அடங்குகிறார்கள். தாய் தந்தைக்கோ உடன்பிறந்தவருக்கோ அல்சைமர் (டிமென்ஷியாவின் மிகப் பரவலான வகை) வந்தவர், ஏ.பி.ஓ.ஈ. 4 மரபணு வகை உள்ளவர், பல ஆண்டுகளாக ரத்த அழுத்தமோ சர்க்கரையோ இருப்பவர், பக்கவாதம் வந்து மீண்டவர். இவர்களிடம் ஆபத்துக் காரணி இருக்கிறது. நினைவு நன்றாகவே இருக்கலாம். இன்னொரு வகையினருக்கு மாற்றம் தொடங்கிவிட்டது. சற்றுமுன் கேட்டதையே திரும்பக் கேட்கிறார், பழகிய கணக்கில் தடுமாறுகிறார், நினைவுச் சோதனையில் மதிப்பெண் குறைகிறது. ஆனாலும் அன்றாட வேலைகளைத் தானே பார்த்துக்கொள்கிறார். இதை மருத்துவர்கள் லேசான அறிவாற்றல் குறைபாடு என்பார்கள். இந்த நிலையில் நினைவாற்றல் கிளினிக்குக்கு வருகிறவர்களில் ஆண்டுக்கு நூற்றுக்கு 10 முதல் 15 பேர் டிமென்ஷியா நிலைக்குப் போகிறார்கள். சிலர் மாறாமல் அப்படியே இருக்கிறார்கள், சிலர் தேறியும் விடுகிறார்கள். இந்த இரண்டாவது வகையினருக்கு ஸ்கேனைத் தள்ளிப்போடவே கூடாது. முதல் வகையினருக்குப் பெரும்பாலும் அது தேவைப்படாது.

முதல் ஸ்கேனின் முதல் வேலை, மறதிக்குத் தீர்க்கக்கூடிய வேறு காரணம் இருக்கிறதா என்று பார்ப்பது. தலையில் லேசாக அடிபட்டுச் சில வாரங்கள் கழித்து, மூளை உறைக்கும் மூளைக்கும் நடுவே மெல்லக் கசிந்து ரத்தம் தேங்கும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்களிடம் இது அதிகம்; அடிபட்டதே நினைவில்லை என்பார்கள். மூளையின் முன்பகுதியை அழுத்தியபடி ஆண்டுக்கணக்கில் வளரும் சாதுவான கட்டியும் உண்டு. கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் நடை மாறி, சிறுநீரை அடக்க முடியாமல், அதோடு மறதியும் சேர்ந்தால், மூளைக்குள் உள்ள நீரறைகள் விரிந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். முன்பக்க நீரறைகளின் அதிகபட்ச அகலத்தை, அதே படத்தில் மண்டையோட்டின் உள் அகலத்தால் வகுத்தால் 0.3-க்கு மேல் வரும். வெறும் மூளைச் சுருக்கத்திலும் அந்த எண் 0.3-ஐத் தாண்டும் என்பதால், உச்சந்தலைப் பக்கத்து மடிப்புகள் நெருக்குண்டு இருக்கின்றனவா என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் முடிவுக்கு வரலாம். இவற்றில் பெரும்பாலானவற்றைப் பிடிக்க சி.டி. ஸ்கேனே போதும். பேஸ்மேக்கர் இருப்பதால் எம்.ஆர்.ஐ. எடுக்க முடியாதவர்கள் இதனால் மனம் தளர வேண்டியதில்லை. கூடவே பி12, தைராய்டு ரத்தப் பரிசோதனைகளும் வேண்டும்; அந்தக் குறைகள் எந்த ஸ்கேனிலும் நேராகத் தெரியாது.

இனி எம்.ஆர்.ஐ. மறதிக்கென்று எடுக்கும் எம்.ஆர்.ஐ. வேறு, வழக்கமான எம்.ஆர்.ஐ. வேறு. சீட்டில் "எம்.ஆர்.ஐ. பிரெய்ன், மறதி" என்று மட்டும் எழுதியிருந்தால், டெக்னீஷியன் வழக்கமான படத்தொகுப்பைத்தான் எடுப்பார்: 5 மி.மீ. தடிமனில் கிடைமட்ட வெட்டுகள், இடையிடையே இடைவெளி. பக்கவாதத்தையும் கட்டியையும் பார்க்க அது போதும். நினைவைப் பதிய வைக்கும் ஹிப்போகேம்பஸை மதிப்பிட அது போதவே போதாது. அந்த உறுப்பின் நீளமே ஏறக்குறைய 4 செ.மீ.; நாம் தேடுவது அதன் உயரத்தில் ஏற்படும் சில மி.மீ. குறைவை. தேவைப்படுவது நான்கு படத்தொகுப்புகள். மூளையின் வடிவத்தைத் தெளிவாகக் காட்டும், 1 மி.மீ. தடிமனில் முழு மூளைக்குமான முப்பரிமாண டி1. சிறு நாள பாதிப்பைக் காட்டும் ஃப்ளேர். நுண்ணிய ரத்தக்கசிவுகளைக் காட்டும் எஸ்.டபிள்யூ.ஐ. அல்லது டி2 ஸ்டார். அண்மையில் ரத்தநாளம் அடைபட்டுப் பாதித்த பகுதியையும், வேகமாக முற்றும் அரிய வகை டிமென்ஷியாவையும் காட்டும் டிஃப்யூஷன். எல்லாம் சேர்ந்து அரை மணி நேரம் ஆகும். கட்டியோ அழற்சியோ சந்தேகப்பட்டால் தவிர கான்ட்ராஸ்ட் ஊசி வேண்டாம்.

ஹிப்போகேம்பஸைப் பார்க்கும் கோணத்தில்தான் தவறு அதிகம் நடக்கிறது. பொட்டுப் பகுதியின் உட்புறம், சற்றுச் சாய்ந்த வாக்கில் அது படுத்திருக்கிறது. அந்தச் சாய்வுக்குச் செங்குத்தான வெட்டுகளை, முன்னிருந்து பின்னாக அடுத்தடுத்து எடுத்துப் பார்க்க வேண்டும். தலை ஒருபுறம் திரும்பியிருந்து அதைத் திருத்தாமல் விட்டால், ஒரே வெட்டில் இடப்பக்கத்தின் நடுப்பகுதியும் வலப்பக்கத்தின் முன்பகுதியும் விழும். ஒரு பக்கம் சுருங்கிவிட்டதாகத் தோன்றும். முப்பரிமாணப் படம் கையில் இருந்தால் கணினியிலேயே கோணத்தைத் திருத்திக்கொள்ளலாம். 5 மி.மீ. வெட்டுகளில் அந்த வசதி கிடையாது, திரும்பவும்தான் எடுக்க வேண்டும்.

சரியான வெட்டு கிடைத்தால், 1992-இல் ஷெல்டன்ஸ் குழுவினர் வகுத்த அளவுகோலின்படி 0 முதல் 4 வரை மதிப்பெண் போடலாம். ஹிப்போகேம்பஸுக்கு மேலே உள்ள பிளவு லேசாக விரிந்திருந்தால் 1. அதோடு பக்கத்து நீரறையின் கொம்பும் விரிந்திருந்தால் 2. ஹிப்போகேம்பஸின் உயரமே குறைந்துவிட்டால் 3, பெரும்பகுதி கரைந்துவிட்டால் 4. வயதைச் சேர்த்துப் படித்தால்தான் இந்த எண்ணுக்குப் பொருள். 75 வயதுக்குக் கீழே 2 என்றாலே கவனிக்க வேண்டும். 75-க்கு மேலே 3 வந்தால்தான் அசாதாரணம். 68 வயதுக்காரருக்கும் 82 வயதுக்காரருக்கும் ஒரே 2 வந்தால் இரண்டும் ஒன்றல்ல. "வயதுக்கேற்ற லேசான சுருக்கம்" என்று மட்டும் எழுதி முடிக்கும் ரிப்போர்ட்டை வைத்து அடுத்த ஆண்டு எதையும் ஒப்பிட முடியாது. ஹிப்போகேம்பஸுக்கு ஷெல்டன்ஸ் மதிப்பெண், மூளையின் உள்பக்க நரம்பிழைகளான வெண்பொருளின் பாதிப்புக்கு ஃபாசெக்காஸ் மதிப்பெண், நுண்கசிவுகளின் எண்ணிக்கையும் இடமும் எழுதித் தாருங்கள் என்று கேட்டு வாங்க நோயாளிக்கும் குடும்பத்தாருக்கும் உரிமை உண்டு.

ஹிப்போகேம்பஸ் சுருங்கியிருந்தால் அல்சைமர், நன்றாக இருந்தால் இல்லை என்று முடிவுகட்டவும் முடியாது. லூயி உடல் டிமென்ஷியா என்ற வேறு வகையில் அது ஓரளவு காப்பாற்றப்பட்டே இருக்கும். நடுத்தர வயதிலேயே தொடங்கும் அல்சைமரில் சிலருக்கு மூளையின் பின் மேற்பகுதிதான் முதலில் சுருங்கும். எதிரே இருக்கும் பொருளைக் கண்டுபிடிக்கத் தடுமாறுவார்கள், நினைவு ஓரளவு இருக்கும். 80-ஐத் தாண்டியவர்களில் அல்சைமர் இல்லாமலே, டி.டி.பி. 43 என்ற வேறு புரதம் படிந்து ஹிப்போகேம்பஸ் கரைவதும் உண்டு. ஆகவே படம் ஒரு சாட்சிதான். நினைவுச் சோதனையும், கூட இருப்பவர் சொல்லும் விவரமும் இல்லாமல் தீர்ப்பு எழுதக் கூடாது.

இப்போது பல ஸ்கேன் மையங்கள் கணினி மென்பொருளால் ஹிப்போகேம்பஸின் கன அளவைக் கணக்கிட்டு, உங்கள் வயதினரில் நீங்கள் எத்தனையாவது சதமானம் (நூறு பேரை வரிசைப்படுத்தினால் எத்தனையாவது இடம்) என்று வண்ண வரைபடத்தோடு தருகின்றன. பயனுள்ளதுதான், ஆனால் எச்சரிக்கை வேண்டும். ஒரு பக்கத்து ஹிப்போகேம்பஸ் சுமார் 3 கன செ.மீ. நல்ல நிலையில் உள்ள முதியவருக்கு ஆண்டுக்குச் சுமார் 1.4 சதவீதமும், அல்சைமர் உள்ளவருக்குச் சுமார் 4.7 சதவீதமும் குறைகிறது. அதாவது நாம் அளக்கப் பார்ப்பது 0.04-க்கும் 0.14-க்கும் இடைப்பட்ட கன செ.மீ. வித்தியாசத்தை. ஒரு ஆண்டு 1.5 டெஸ்லா காந்த வலிமையுள்ள இயந்திரத்திலும் மறு ஆண்டு 3 டெஸ்லாவிலும் எடுத்தால், இயந்திர மாற்றமே அதைவிடப் பெரிய வேறுபாட்டைத் தரக்கூடும். தலை அசைந்தால் மூளையின் மேலடுக்கான புறணி உண்மையைவிட மெலிந்து தெரியும். உடம்பில் நீர் வற்றியிருந்தால் மூளையின் அளவே சற்றுக் குறையும். மென்பொருளின் புதிய பதிப்புகூட எண்ணை மாற்றும். அதனால் அடுத்தடுத்து எடுப்பதாக இருந்தால் அதே இயந்திரம், அதே அமைப்பு, அதே மென்பொருள் வேண்டும். ஓராண்டுக்குக் குறைந்த இடைவெளியில் கன அளவை ஒப்பிட்டுப் பயனில்லை. அந்தச் சதமானக் கணக்கு எந்த மக்களின் மூளைகளை வைத்துப் போடப்பட்டது என்பதையும் கேட்க வேண்டும். இத்தகைய அட்டவணைகளில் பல வட அமெரிக்க, ஐரோப்பிய மூளைகளை வைத்துத்தான் உருவானவை.

ஆபத்து அதிகம் உள்ளவர்களின் எம்.ஆர்.ஐ.யில், உடனே செயலில் இறங்க வழிகாட்டும் பகுதி ரத்தநாளங்களைப் பற்றியதே. ஆனால் வீட்டில் எல்லோரும் ஹிப்போகேம்பஸைப் பற்றியே கேட்கிறார்கள். ஃப்ளேர் படத்தில் வெள்ளைத் திட்டுகளாகத் தெரிவது பெரும்பாலும் சிறு நாளங்கள் ஆண்டுக்கணக்கில் பட்ட அடி. ஃபாசெக்காஸ் அளவில் புள்ளிகளாக இருந்தால் 1, ஒன்றோடொன்று சேரத் தொடங்கினால் 2, பெரும் பரப்பாகிவிட்டால் 3. 70 வயதில் 1 என்பது பயப்பட வேண்டியதல்ல. 2, 3 என்றால் ரத்த அழுத்தத்தை இன்னும் கடுமையாகக் கவனிக்க வேண்டும். 2019-இல் வெளியான ஸ்பிரிண்ட் மைண்ட் ஆய்வில், மேல் அளவு ரத்த அழுத்தத்தை 120-க்குக் கீழே கொண்டுவர இலக்கு வைத்தவர்களுக்குச் சுமார் நான்கு ஆண்டுகளில் வெண்பொருள் பாதிப்பு 0.92 கன செ.மீ. கூடியது; 140-க்குக் கீழே இலக்கு வைத்தவர்களுக்கு 1.45 கூடியது. லேசான அறிவாற்றல் குறைபாடும் குறைந்தது. டிமென்ஷியா குறைந்ததை உறுதியாகச் சொல்லும் அளவுக்கு வேறுபாடு வரவில்லை. சர்க்கரை நோயாளிகளும் பக்கவாதம் வந்தவர்களும் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. எழுந்தால் தலைசுற்றி விழும் முதியவருக்கு 120 பொருந்தாமல் போகலாம். மாத்திரையை மருத்துவர்தான் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். அறிகுறியே இல்லாமல் வந்துபோன சிறு பக்கவாதத்தின் தழும்பு தெரிந்தாலும் அலட்சியம் வேண்டாம். நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் முதியோரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், அத்தகைய தழும்பு உள்ளவர்களுக்கு டிமென்ஷியா ஆபத்து இரண்டு மடங்குக்கும் மேலாக இருந்தது.

நுண்கசிவுகள் இருக்கும் இடமும் முக்கியம். மூளையின் ஆழத்தில் இருந்தால் ரத்த அழுத்தத்தைச் சந்தேகிக்கிறோம்; மேற்புற மடல்களில் மட்டுமே இருந்தால், நாளச் சுவரில், அல்சைமரிலும் மூளையில் சேரும் அமிலாய்டு என்ற புரதம் படிந்திருக்கலாம். பழைய 1.5 டெஸ்லா டி2 ஸ்டார் படத்தில் 3 தெரிந்து, புதிய 3 டெஸ்லா எஸ்.டபிள்யூ.ஐ.யில் 6 தெரிந்தால் கசிவு இரட்டித்துவிட்டதாகப் பதற வேண்டாம். புதிய படம் அதிகம் காட்டும். லெக்கனெமாப், டொனனெமாப் என்ற அமிலாய்டு நீக்கும் மருந்துகளை யோசிப்பவர்களுக்கு இந்த எண்ணிக்கை தீர்மானமானது. 4-க்கு மேல் நுண்கசிவு இருந்தால் பொதுவாக அவை தரப்படுவதில்லை. அந்த மருந்துகளால் மூளையில் நீர்கோத்த வீக்கம் வரலாம். முக்கிய ஆய்வுகளில் லெக்கனெமாப் பெற்றவர்களில் 12.6 சதவீதம் பேருக்கும் டொனனெமாப் பெற்றவர்களில் 24 சதவீதம் பேருக்கும் படத்தில் அது தெரிந்தது. பெரும்பாலோருக்கு வெளி அறிகுறி இல்லை, ஸ்கேனில்தான் பிடிபட்டது. ஏ.பி.ஓ.ஈ. 4 இரண்டு பிரதி உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். அதனால்தான் மருந்துக்கு முன்னும், முதல் சில மாதங்களில் குறித்த தவணைகளிலும் எம்.ஆர்.ஐ. கட்டாயம். வீக்கத்தின் அறிகுறி பக்கவாதம்போலவே தோன்றக்கூடும். அப்போது உறைவைக் கரைக்கும் ஊசி போட்டால் பெரும் ரத்தக்கசிவு நேரலாம். இந்த மருந்து எடுப்பவர் அந்த விவரத்தை எழுதி எப்போதும் சட்டைப்பையில் வைத்திருக்க வேண்டும்.

லேசான கதிரியக்க மருந்தை ஊசியாகப் போட்டு எடுக்கும் பெட் ஸ்கேனைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறோம். எஃப்.டி.ஜி. பெட், மூளையின் எந்தப் பகுதி சர்க்கரையைக் குறைவாக எரிக்கிறது என்று காட்டும். 4 முதல் 6 மணி நேரம் வெறும் வயிறு, ரத்தச் சர்க்கரை கட்டுக்குள், ஊசி போட்டபின் 20 முதல் 30 நிமிடம் மங்கிய வெளிச்சத்தில் பேசாமல் அமைதி. அந்த நேரத்தில் செல்போன் பார்த்தாலோ பத்திரிகை படித்தாலோ அதற்குரிய மூளைப் பகுதி அதிகம் எரித்துப் படத்தைக் கெடுக்கும். அமிலாய்டு பெட்டுக்குப் பட்டினி வேண்டாம். அதில் அமிலாய்டு இல்லை என்று வந்தால் பலமான செய்தி: மறதிக்கு அல்சைமர் காரணமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. இருக்கிறது என்று வந்தால் அவ்வளவு எளிதல்ல. 2015-இல் வெளியான பெரிய தொகுப்பாய்வின்படி, அறிவாற்றலில் எந்தக் குறையும் இல்லாதவர்களிடமே 50 வயதில் சுமார் 10 சதவீதம் பேருக்கும் 90 வயதில் சுமார் 44 சதவீதம் பேருக்கும் அமிலாய்டு படிந்திருக்கிறது. அவர்களில் பலர் டிமென்ஷியா வராமலே வாழ்ந்து முடிக்கிறார்கள். குடும்பத்தில் நோய் இருந்தது என்பதற்காகவோ மரபணு வகைக்காகவோ மட்டும், அறிகுறி இல்லாதவருக்கு இந்த ஸ்கேன் எடுப்பது பொருத்தமில்லை என்று அமெரிக்க அணு மருத்துவ வல்லுநர்களும் அல்சைமர் சங்கமும் 2013-லேயே வரையறுத்தார்கள். அல்சைமர் தொடர்பான புரதத்தை அளக்கும், அமெரிக்காவில் 2025-இல் அனுமதி பெற்ற பி-டௌ 217 ரத்தப் பரிசோதனையும் 55 வயதும் அதற்கு மேலும் ஆன, அறிகுறி உள்ளவர்களுக்குத்தான்.

அறிகுறி இல்லாதவர் எதற்கும் ஒருமுறை பார்த்துவைக்கலாமே என்று நினைப்பது இயல்பு. சராசரி 63 வயதுள்ள 2,000 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்து 2007-இல் வெளியான ராட்டர்டாம் முடிவுகளில், 7.2 சதவீதம் பேருக்கு அறியாத பக்கவாதத் தழும்பு, 1.8 சதவீதம் பேருக்கு ரத்தநாளப் புடைப்பு, 1.6 சதவீதம் பேருக்குச் சாதுவான கட்டி. அந்தப் புடைப்புகளில் பெரும்பாலானவை சிறியவை, வெடிக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் இருப்பது தெரிந்தபின் மனிதர் உறங்க மாட்டார். இவர்களுக்குப் பயன்தரும் அடிப்படைப் பதிவு, ஒரு முறையான நினைவுச் சோதனையின் மதிப்பெண். பின்னாளில் சந்தேகம் வரும்போது ஒப்பிட அது உதவும். 2024-இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் எண்ணிக் காட்டிய 14 ஆபத்துக் காரணிகளை முழுவதும் களைய முடிந்தால் ஏறத்தாழ 45 சதவீத டிமென்ஷியாவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும். காது கேளாமை, கெட்ட கொழுப்பு, ரத்த அழுத்தம், பார்வைக் குறை, புகை, தனிமை எதையும் கண்டுபிடிக்க மூளை ஸ்கேன் வேண்டியதில்லை.

ஸ்கேன் தேவைப்படுகிறவரை அழைத்துச் செல்பவருக்குச் சில சொற்கள். பேஸ்மேக்கர், மூளை ரத்தநாளக் கிளிப், காதுக்குள் பொருத்திய கருவி, கண்ணில் புகுந்த இரும்புத் துகள் பற்றி முன்பே சொல்லி, கருவி அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள். தோலில் ஒட்டும் மருந்துப் பட்டை சிலவற்றில் மெல்லிய உலோகத் தகடு உண்டு, சுட்டுவிடும், கழற்றிவிடுங்கள். காது கேட்கும் கருவியைக் கடைசி நிமிடத்தில் கழற்றுங்கள், அதுவரை அவருக்குச் செய்வதை விளக்குங்கள். சத்தம் பலமாக இருக்கும், காதடைப்பு அவசியம். முன்கூட்டியே கழிப்பறைக்கு அழைத்துப் போங்கள். முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்தால் அசைவு குறையும். பயத்துக்குத் தூக்க மருந்து தருவது கடைசி வழியாக இருக்கட்டும், முதியவருக்கு அதனாலேயே இரண்டு நாள் குழப்பம் வரலாம். பாதியில் எழுந்துவிடக்கூடியவர் என்றால், டி1, ஃப்ளேர் இரண்டையும் முதலில் எடுத்துவிடுமாறு டெக்னீஷியனிடம் கேளுங்கள். ரிப்போர்ட்டோடு படங்கள் அடங்கிய குறுந்தகட்டையும் வாங்கி வையுங்கள். அடுத்த முறை ஒப்பிட உதவுவது அதுதான்.

சீட்டை எழுதும் மருத்துவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். "72 வயது, ஒன்றரை ஆண்டாக மெல்லக் கூடும் அண்மை மறதி, ரத்த அழுத்தம் உண்டு, விழவில்லை, நடை சரி, ஹிப்போகேம்பஸ் சுருக்கமா, சிறு நாள பாதிப்பா?" என்ற இரண்டு வரி போதும். அதைப் பார்த்துத்தான் டெக்னீஷியன் படத்தொகுப்பைத் தேர்ந்தெடுக்கிறார். ரேடியாலஜிஸ்ட் எங்கே உற்றுப் பார்ப்பது என்று முடிவுசெய்கிறார்.

தங்கள் நாளிதழ் ஆண்டுதோறும் என்ற அந்த வரியைத் திருத்தி, எப்போது காத்திருக்கக் கூடாது என்பதை அதே இடத்தில் வெளியிட்டால் நன்று. நாட்களிலோ வாரங்களிலோ வேகமாகக் கூடும் மறதி, விழுந்தபின் தொடங்கிய குழப்பம் அல்லது மந்தம், புதிதாக வந்த வலிப்பு, ஒரு பக்கக் கை கால் பலவீனம், நடையும் சிறுநீர்க் கட்டுப்பாடும் சேர்ந்து கெடுவது, முன்பு இல்லாத தலைவலியோடு வரும் நடத்தை மாற்றம். இவற்றில் ஒன்று இருந்தாலும் வயதாகிவிட்டது என்று விட்டுவிடாமல் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். கை கால் பலவீனம், வலிப்பு, விழுந்தபின் மந்தம் என்றால் அன்றே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

இப்படிக்கு,
நரம்பியல் கதிர்ப்படப் பிரிவில் பணிபுரியும் வாசகர்கள்